பாட்டி குதிரை திருடினாராம், வாழ்க!

ஆஸ்திரேலியாவில் பெரிய இடத்துக் குடும்பம் என்று பீற்றிக்கொள்ள ராஜபரம்பரை எல்லாம் வேண்டாம். முப்பாட்டன் கோழி திருடியிருந்தால் போதும். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளை அங்கே கப்பலேற்றியது. அதில் ஒரு களவாணியாவது நம் வம்சத்தில் தேறமாட்டானா என்று பேரப்பிள்ளைகள் கோர்ட் ரெக்கார்டைத் துழாவுகிறார்கள். கடைசியில் கிடைப்பவர் கைதிக்குக் காவல் வந்த சிப்பாய் என்றால் முகம் தொங்கிவிடும். யோக்கியன் வம்சம் என்று வெளியே சொல்ல முடியுமா?

அந்தக் களவாணிகளோ இதற்கு நேர் எதிர். மேரி ரெய்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் ஆண் வேஷம் போட்டு, ஜேம்ஸ் பர்ரோ என்று பெயர் சொல்லி, குதிரை திருடி மாட்டிக்கொண்டாள். ஏழு வருஷத் தண்டனை. 1792-ல் சிட்னியில் இறங்கினாள். கல்யாணம், ஏழு குழந்தைகள். 1811-ல் கணவர் போய்ச் சேர்ந்ததும் கப்பல், கடை, நிலம் என்று பிசினஸைத் தானே பிடித்துக்கொண்டாள். (பணம் வந்துவிட்டது, இனி மரியாதையாக ‘அவர்’ என்போம்.) 1817-ல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி திறந்தபோது முதல் ஆபீஸே அவர் வீட்டில்தான். குதிரைக்குத்தான் அங்கே பாதுகாப்பில்லை போலும்!

1820-ல் மகள்களோடு இங்கிலாந்துக்கு ஒரு ட்ரிப். அடுத்த வருஷம் ரிட்டர்ன். 1828-ல் சென்சஸ் வந்தது. அம்மணி பதிந்த விவரம்: சுதந்திரப் பிரஜையாக 1821-ல் வந்தவர். பொய்யா? சத்தியமாக இல்லை! அந்தத் தடவை சொந்தக் காசில்தானே வந்தார். அதற்கு முன்னால் அரசாங்கச் செலவில் வந்த கதையை வீணாகக் கிளறுவானேன்? ரெஸ்யூமேயில் இரண்டு வருஷத்தை மாயமாக்கும் நம் பிள்ளைகளுக்கு இவர்தான் குலதெய்வம்.

பேரன் தாமஸ் ரெய்பி 1876-ல் டாஸ்மேனியாவின் பிரிமியர். பாட்டியே இப்போது 20 டாலர் நோட்டில் சிரிக்கிறார்.

பிரதமராக இருந்த கெவின் ரட்டுக்கும் மேரி வேட் என்றொரு கைதிப் பாட்டி உண்டு. இன்னொரு சிறுமியின் துணிமணியைப் பறித்த சின்னப் பெண். அதற்குத் தூக்குத் தண்டனை! பிறகு மனமிரங்கி நாடு கடத்தினார்கள். 1859-ல் அவர் கண்மூடியபோது உயிரோடிருந்த வாரிசுகள் 300-க்கும் மேல். பிரதமர் சொந்தம் கொண்டாடப் போனால், பின்னால் பெரிய க்யூ.

ஆனால் உச்சம் பிரான்சிஸ் கிரீன்வே. சிட்னிக்கு அழகழகான கட்டடங்கள் கட்டிய ஆர்க்கிடெக்ட். 1966-ல் வந்த முதல் 10 டாலர் நோட்டில் இவர் முகம்தான். எந்தக் குற்றத்துக்காகக் கப்பலேறினார் என்கிறீர்கள்? போலிப் பத்திரம் தயாரித்ததற்கு!