லாஸ்டிக்கும் லென்சும்

பறவை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. பராக்குப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முதுகில் ஒன்று விழும். 1970களில் கம்போங் மேடானில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நெருக்கியடித்துக் கிடந்த வீடுகளில் வளர்ந்த பையன்களுக்குப் பறவை என்பது குறிபார்க்க ஏற்பட்டது. கொய்யாக் கவட்டை ஒன்று, பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு பட்டை, நடுவே செருப்புத் தோல்: லாஸ்டிக் தயார். குறி பெரும்பாலும் தெகுகூர் புறாவுக்கு. கல் விழுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தகரத்தில்.

ஈயக்குட்டைப் பக்கம் போனால் இன்னும் மோசம். ஈயம் வாரிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குளமானவை அவை. கரையில் முழங்கால் அளவு, இரண்டு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம்.

"எங்கடா போன?"

"கொக்கு பார்க்க."

"கொக்கு வந்து சோறு போடுமா?"

இதற்குப் பிறகு பேச்சு இருக்காது, விளக்குமாறுதான்.

அறுபதைத் தாண்டிய இந்த வயதில் அதே மாதிரிக் குட்டைக்குத்தான் விடியற்காலையில் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். கிளானா ஜெயாவில் பழைய ஈயக்குட்டைகளைச் சுற்றி நடைபாதை போட்டுப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். இனிப்புநீர் வந்தவன் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். சும்மா நடந்தால் அலுக்கிறது என்றேன். அக்கா மகள் தன் பறவைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். கூட்டத்துக்கு விதிகள் உண்டு. சிவப்புச் சட்டை கூடாது. கை நீட்டிக் காட்டக் கூடாது. பேசினால் காதோடு. கல்யாண வீட்டுக் குரலிலேயே ஐம்பது வருடம் பேசிவிட்டவனுக்கு இதில் கடைசி விதிதான் கஷ்டம்.

ஒருவர் தோளில் குழந்தை கனத்துக்கு ஒரு லென்ஸ் தொங்கியது. விலை கேட்டேன். அந்த வெள்ளிக்கு என் காலத்தில் மோட்டார் வாங்கி, கல்யாணமும் பண்ணியிருக்கலாம். நாணல் ஓரமாக ருவாக்-ருவாக் கோழி ஒன்று வெள்ளை மாரைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நாங்கள் கண்ணி வைத்துப் பிடித்த கோழி அது.

"அழகா இல்ல, அங்கிள்?" என்றாள் நடையை வழிநடத்தும் பெண்.

"அழகுதான்" என்றேன். இஞ்சி கொஞ்சம் தூக்கலாகப் போட வேண்டும் என்பது வாய்வரை வந்து திரும்பிப் போனது.

குளத்து மறுகரையில் மஞ்சள்மூக்கு நாரைகள் நின்றன. இந்த ஊரில் நாம் பார்ப்பவை மிருகக்காட்சிசாலையில் திறந்து விடப்பட்டுப் பெருகியவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். அவற்றையும் படம் எடுத்தார்கள், ஆனால் கொஞ்சம் இளப்பமாக.

கையில் எல்லோரும் வைத்திருந்தது ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதி 1999இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட கையேடு. நம் பெயர் அட்டையில் இருப்பதைப் பார்த்து நான் ஒரு சுற்றுப் பெருத்தேன். அதற்கு முன்னால் மலாயாப் பறவைகளைப் பற்றி மேடாக் என்ற வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி எழுதிய புத்தகம் உருவானது 1943இல், சாங்கியில், ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த முகாமுக்குள். அதே வருடம் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சயாம் ரயில் பாதையில் கட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். அங்கேயும் பறவைகள் இருந்திருக்கும்.

இன்னொரு நாள் காட்டு நடை, புக்கிட் காசிங்கில். ஏறும்போது மூச்சு வாங்குவதால் அதிகம் பார்க்கவில்லை. துடுப்பு மாதிரி வால் வைத்த கரிச்சான் ஒன்று தரிசனம் தந்தது. முராய் பாத்துக் குருவி கிடைக்குமா என்று காத்திருந்தோம், கிடைக்கவில்லை. பாட்டுக்காக அதைப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் போட்டாயிற்று. வளர்க்க லைசென்ஸ் வேண்டும் என்பது சட்டம். எங்கள் பிளாட்டில் மட்டும் மாடிக்கு மாடி கூண்டு தொங்குகிறது. காட்டுக்குப் போய்த் தேடுவதைவிட லிஃப்டில் ஏறி இறங்கினால் கூடுதலாகக் கேட்கலாம்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று லென்ஸ்காரர் கேட்டார்.

"கம்போங் மேடான்."

வழக்கமான அந்தச் சின்ன மௌனம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் 2001 மார்ச் கலவரம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நல்ல மனிதர், பேச்சை மாற்றினார். "அங்கே என்ன பறவை இருக்கு?"

"காக்கா."

சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டுக் காகத்துக்கு எங்கள் குடும்பத்தைப் போலவே ஒரு கப்பல் கதை உண்டு. 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டம் போட்ட துரைமார்கள், இலை தின்னும் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து காகங்களை வரவழைத்தார்கள். புழு ஒழிந்ததோ இல்லையோ, சீக்கிரமே காப்பி விலை விழுந்தது. காப்பியை அழித்து ரப்பர் நட்டார்கள். காகத்துக்கு வேலை போயிற்று. ஊருக்குத் திருப்பி அனுப்ப யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. அது குப்பை பொறுக்கிப் பிழைத்து, பிள்ளை குட்டி பெற்று, பட்டணம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது நகராண்மைக் கழகங்கள் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்கின்றன.

குயில் கதை வேறு. தமிழ்ப்பள்ளியில் அது கூவுகிறது, கூவுகிறது என்று படித்தோம். கேட்டது ரேடியோப் பாட்டில்தான். அந்தக் காலத்தில் அது குளிருக்கு வந்து போகும் விருந்தாளி. 1980களுக்குப் பிறகுதான் இங்கேயே தங்கி முட்டையிட ஆரம்பித்தது. முட்டை எங்கே? காக்கா கூட்டில்தான். துரை கொண்டுவந்த காகம் இல்லையென்றால் பட்டணத்துக் குயிலுக்குத் தொட்டில் இல்லை. இப்போது விடியற்காலை நாலரைக்கு என் ஜன்னலோரம் அது போடும் கூச்சலில், ஒன்பதாவது மாடி அம்மா மேனேஜ்மெண்டில் புகார் கொடுத்திருக்கிறார்.

நடை முடிந்து பசியாற உட்கார்ந்தபோது அந்தப் பெண் செயலியில் பட்டியல் ஏற்றினாள். காகம் என்றதும் லென்ஸ்காரர் குறுக்கிட்டார்.

"அதை விடும்மா. அது வந்தேறி."

"எல்லாத்தையும் ஏத்தணும் சார்" என்றாள் அவள், நிமிராமலேயே. "அங்கிள், நீங்க எத்தனை பார்த்தீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள். அடுத்த வரியில் குயிலையும் எழுதினாள். அது எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.