பம்ப் கம்பெனி இணையதளப் பிரபாவம்

கோயம்புத்தூர்ச் சீமையில் பம்ப் செட் செய்து பார் புகழ வாழும் தொழிலதிபப் பெருந்தகைகளின் கைத்திறத்தை நாடறியும். அன்னாரது இணையதளங்களின் பெருமையைத்தான் நாடு இன்னும் அறிந்தபாடில்லை; பக்கம் முழுதாகத் திறந்தால் அல்லவா அறிவதற்கு! அக்குறை நீங்கும்பொருட்டு, அவற்றுள் மணிமகுடமாய்த் திகழும் ஒன்றை இங்கே துதிக்கத் துணிந்தேன். பெயர் சொல்லவில்லை. சொன்னால், அதே தகுதி படைத்த மற்றத் தளங்களுக்கு மனம் நோகும்.

அத்திருத்தளத்தின் தலையாய குணம் நிதானம். ஒரு பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று கூகுள் ஒரு கணக்குச் சொல்கிறது. பரபரப்புக்காரர்கள் பேச்சு அது. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் இணையதளத்தை வைத்தபோது, பாவம், எழுத்தையும் இணைப்புகளையும் தவிர அவரிடம் காட்ட வேறொன்றும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நிற்கிறது, அத்தனை ஏழ்மை! நம் தளமோ, தொழிற்சாலையின் நுழைவு வளைவு தொடங்கி கேன்டீன் கூரை வரை ட்ரோன் கேமராவில் பிடித்த படம் முழுவதும் இறங்கி முடிந்த பிறகே திருவாய் மலரும். பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில், மோட்டார் காயில் எரிந்துபோய், காய்கிற தென்னைக்குக் கீழே செல்போனும் கையுமாகச் சிக்னல் தேடி நிற்கும் விவசாயிக்கு அதுவரை ஒரு வட்டம் சுற்றிச் சுற்றித் தரிசனம் தரும். பெரிய இடத்துக்கு வருகிறவர் வாசலில் கொஞ்ச நேரம் காத்து நிற்பதுதானே மரியாதை!

உள்ளே நுழைந்தால், ஆகா, நகரும் படங்களின் பவனி! மாலை சூடிய நிறுவனர் முன்னே வருவார். ரிப்பன் வெட்டும் எம்.டி. ஐயா தொடர்வார். பிறகு கேடயம் வாங்கும் எம்.டி. ஐயா. அதன்பின், காதில் ஹெட்செட் மாட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் முத்துப் பல் தெரியச் சிரிப்பார். கோவைக்கு ஒருமுறையும் வந்திராத அந்த உத்தமி, இதே சிரிப்போடு இன்னும் எத்தனையோ கம்பெனிகளில் ஒரே நேரத்தில் பணிபுரிகிறார். அவருடைய உழைப்பை மெச்சச் சொற்கள் இல்லை. கடைசியில், ஓர் ஓரமாக, ஒரு பம்ப். அதன் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்கத் தொடங்கும்போதே நிறுவனர் மறுபடி எழுந்தருளிவிடுவார். “வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்” என்ற வாசகம் மட்டும் நகராமல் நிலைத்து நிற்கும். தெய்வத்தை உள்ளே விடும் வழக்கம்தான் இல்லையே தவிர, பக்திக்குக் குறைவில்லை.

தமிழ்ப்பற்றையும் சொல்ல வேண்டும். முகப்பில் ஒரு குறள் தங்க எழுத்தில் மின்னுகிறது. மற்ற அனைத்தும் ஆங்கிலம். பம்ப் வாங்க வருகிற குடியானவர், வந்த இடத்தில் நாலு ஆங்கில வார்த்தையும் கற்றுக்கொண்டு போகட்டும் என்ற பெருங்கருணை!

இனி, அந்த விவசாயி கேட்கும் அற்பக் கேள்விகளுக்கு வருவோம். தன் போர் ஆழத்துக்கு எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வரும், விலை என்ன, பக்கத்தில் டீலர் யார், மாட்டிக் கொடுக்க ஆள் வருமா? இவ்வளவுதான் அவருடைய உலகம். இத்தகைய சில்லறை விவரங்களைக் கண்ட இடத்தில் கொட்டிவைக்கும் மலிவான புத்தி இத்தளத்துக்குக் கிடையாது. ‘தயாரிப்புகள்’ பக்கத்தில் வரிசையாக நீல நிறப் பம்புகள், ஒன்றுக்கொன்று உரித்துவைத்த சாயலில், ஏதோ எண்களைப் பெயராகத் தாங்கி அருள்பாலிக்கின்றன. விவரம் வேண்டுவோர் கையேட்டை இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் பெயர், நிறுவனத்தின் பெயர், பதவி, ஆண்டு விற்றுமுதல், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும். எதையும் காலியாக விட முடியாது. வாழ்நாளெல்லாம் வயலில் குனிந்தே கிடந்தவரை, தமக்கு என்ன பதவி என்று ஒரு கணம் நிமிர்ந்து சிந்திக்கவைத்த தளம் இது ஒன்றே. அதையும் தாண்டினால், அவர் மனிதர்தானா என்ற சோதனை: கட்டங்களில் எங்கெங்கே தீயணைப்புக் குழாய் இருக்கிறது என்று தொட்டுக்காட்ட வேண்டும். தண்ணீருக்குத் தவித்து வந்தவருக்கு அமெரிக்கத் தெருவோரத்துக் குழாயையாவது காட்டி அனுப்புகிறார்களே, அந்த மனசு யாருக்கு வரும்?

உதிரி பாகங்களை இத்தளத்திலேயே வாங்கவும் முடியும். இம்பெல்லர் ஒன்றைக் கூடையில் இட்டால், கேளாமலே ஒரு காப்பீடும் கூடவே ஏறிக்கொள்ளும். “இன்னும் 2 மட்டுமே இருப்பு” என்ற அறிவிப்பு ஆடியிலும் அப்படியே, தையிலும் அப்படியே. எத்தனை பேர் வாங்கினாலும் குறையாத அட்சயக் கையிருப்பு! பணம் கட்டும் கடைசிப் படியில்தான் பேக்கிங் செலவு, கையாளும் செலவு என்று ஒவ்வொன்றாக முகம் காட்டும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் ஆகாத தந்திரங்கள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அதைத் தடை என்று படித்தவர்கள் பலர். பாடத்திட்டம் என்று படித்த மேதைமை இவர்களுக்கே உரியது. சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டுவைக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாடிக்கையாளரின் விரல் நோகுமே என்று இவர்கள் தாங்களே போட்டுவைத்திருக்கிறார்கள். குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் வற்புறுத்துகின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்தால், மண்வெட்டியோடு ஒரு பொம்மை மனிதர் ‘பணி நடைபெறுகிறது’ என்கிறார். குறையே இல்லாத இடத்தில் அவராவது ஏதோ வேலை செய்கிறாரே!

தொலைபேசி எண் இல்லை என்று நாக்கில் நரம்பில்லாதவர்கள் பேசுவார்கள். இருக்கிறது. அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய அணுகல் நெறிகள் கூறுவது வெயிலில் நின்று படிப்பவர்களுக்காக, கண் மங்கிய பெரியவர்களுக்காக. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் எதற்குப் பம்ப் வாங்குகிறார்கள்? மேலும் அந்த எண் எழுத்தாக இல்லாமல் படமாக இருப்பதால் தொட்டால் அழைப்புப் போகாது. மனப்பாடம் செய்துதான் அழுத்த வேண்டும். நினைவாற்றலுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது! கடைசி இரண்டு இலக்கங்களின்மேல் ‘உங்களுக்கு உதவலாமா?’ என்னும் உரையாடல் குமிழி ஓயாமல் மிதந்துகொண்டிருக்கும். அதனிடம் எதைக் கேட்டாலும், பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார் என்ற ஒரே விடை. சொன்ன சொல் மாறாதவர்களைக் காண்பது இக்காலத்தில் அரிது.

நன்றி மறவாமையிலும் இத்தளம் நிகரற்றது. பம்ப் இயங்கும் விதத்தை ஒரு காலத்தில் ஃப்ளாஷ் மென்பொருளில் ஆடிக் காட்டியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் அந்த ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. மறைந்த தோழனின் நினைவாக அந்தச் சதுரம் இன்றும் வெறுமையாகவே பேணப்படுகிறது. ‘அண்மைச் செய்திகள்’ பகுதியில் 2017-ஆம் ஆண்டுத் தீபாவளி வாழ்த்து வாடாமல் மணக்கிறது.

இத்தனை சிறப்புக்கும் மூலகாரணம் யாதெனின், இத்தளம் ஒரே ஒரு வாசகரை எண்ணிச் செதுக்கப்பட்டது. அவர் எம்.டி. ஐயா. குளிர்பதன அறையில், அகன்ற திரையில், ஃபைபர் இணைப்பில் அவர் திறக்கும்போது ட்ரோன் படம் கண்ணிமைக்கும் முன் ஓடுகிறது. கம்பெனி எண் அவருக்கு மனப்பாடம், விலை அவர் வைத்தது, முகவரி அவர் குடியிருக்கும் சாலை. அவருக்குத் தெரியாத எதையும் தளம் அவரிடமிருந்து மறைக்கவில்லை. “லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க தம்பி” என்பதைத் தவிர அவர் ஒரு குறையும் கண்டதில்லை.

இதற்கு நேர்மாறாக, எந்தக் கீர்த்தியும் இல்லாத ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடையின் பக்கத்தையும் பார்த்தேன். ஒரே பக்கம். தமிழில் கடைப் பெயர், திறக்கும் நேரம், எந்த ஆழத்துக்கு எந்த மோட்டார் என்று ஓர் அட்டவணை, எதிரே விலை, போகும் வழி, தொட்டால் மணியடிக்கும் எண். எவ்வளவு அநாகரிகம்! விளைவு, அந்தக் கடைக்காரர் ஒரு டீயை நிம்மதியாகக் குடிக்க முடிவதில்லை. ஆள் மாற்றி ஆள் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே, தொழிலதிபப் பெருமக்களே, தாங்கள் அந்த இழிநிலைக்கு இறங்கிவிட வேண்டாம். விலையை வெளியே எழுதினால் வாங்க வருவார்கள். எண்ணை மேலே தூக்கிவைத்தால் விவசாயி கூப்பிட்டே விடுவார். அப்புறம் யாராவது எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.