கோடி அற்புதரின் சட்டம்

கேள்வி: சாவி தொலைந்தால்கூடப் புனித அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறார்களே, அவர் செய்த பெரிய காரியம் அதுதானா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சாவி என்னம்மா சாவி, சிறைக்கதவையே திறக்க வைத்த மனிதர் அவர்! இத்தாலியின் பதுவை நகரில் அன்று கடனைக் கட்ட முடியாதவனுக்குச் சிறைதான் கதி. வட்டிக்காரர்களைப் பிரசங்க மேடையில் வெளுத்து வாங்கியவர், அதோடு விடவில்லை. நகர ஆட்சியிடமே போய் நின்றார். 1231 மார்ச்சில் சட்டம் வந்தது: சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது. அந்தோனியாரின் வேண்டுகோளின்படி என்று சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள்.

பிறந்தது லிஸ்பனில், பெர்னாண்டோ என்ற பெயரில். பேர் வாங்கியது பதுவையில். சட்டம் வந்த அதே ஆண்டு ஜூன் 13-ல் மறைந்தார். ஓராண்டு முடிவதற்குள் புனிதர் பட்டம். 1263-ல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாம். பதுவைப் பேராலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஏழைக்காக வாதாடிய நாக்கு அல்லவா!

கோடி அற்புதர் என்கிறோம். என்னைக் கேட்டால், அந்தக் கோடியில் முதலிடம் கடனாளிகளைக் காத்த சட்டத்துக்குத்தான்.