அன்லிமிடெட்டுக்கும் எல்லை உண்டு!

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் இணையதளம் தொடங்கப்போகிறேன். மாதம் 99 ரூபாய்க்கு 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் என்று விளம்பரம் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே வாங்குங்கள். இம்மாதிரி விலைகளின் தலையில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு போனால், மூன்று வருடத் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டும், புதுப்பிக்கும்போது விலை ஏறும் என்று பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள்.

வேர்ட்பிரஸ் பரிந்துரைப்பது மூன்றே மூன்று: பிஎச்பி 8.3 அல்லது அதற்கு மேல், மைஎஸ்க்யூஎல் 8.0 அல்லது மரியாடிபி 10.6 (அல்லது அவற்றுக்கு மேல்), எச்டிடிபிஎஸ் வசதி. 'எங்களிடம் பிஎச்பி 7.4 இருக்கிறதே' என்று பெருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. மெமரி லிமிட் எவ்வளவு, எத்தனை ஃபைல் வரை வைக்கலாம் என்றும் கேளுங்கள். அன்லிமிடெட்டின் எல்லை அங்கேதான் தெரியவரும்.

கேள்வி: பிஎச்பி 7.4 உள்ள அந்தப் பழைய சர்வரில், வேர்ட்பிரஸ்ஸுக்குப் பதிலாக ட்ருபால் 11 போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேர்ட்பிரஸ்ஸாவது கொஞ்சம் அனுசரித்துப் போகும். ட்ருபால் 11, பிஎச்பி 8.3 இல்லையென்றால் வாசற்படியே ஏறாது. எதுவானாலும் வெர்ஷன் எண்களை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள்.