கடைவாய்க்கு எதற்குப் பளபளப்பு?

கே: கடைவாய்ப் பல்லுக்கு செராமிக் கேப் போட்டேன். உயரம் இடிக்கிறதென்று ராவிய டாக்டர், மறுபடி பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ப: விரிசல் பார்க்குமே! வைரத்தூள் பதித்த சுழல்முனை (பர்) ராவிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். செராமிக், அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மெல்லும்போது எழும் இழுவிசை கீறலின் நுனியில்தான் போய்க் குவியும். கண்ணாடி உடைவதும் இப்படித்தான் என்று பொறியாளர் கிரிஃபித் 1921-லேயே எழுதிவிட்டார். போதாததற்கு, எச்சில் ஈரம் அந்த விரிசலை மெல்ல மெல்ல வளர்த்துவிடும். சொரசொரப்பை அப்படியே விட்டால் எதிர்ப்பல்லையும் அரம் போல் தேய்க்கும். பாலிஷுக்குத் தனியாக பில் போட்டாரா? சண்டை போடுங்கள், பல்லைக் கடிக்காமல்!