தட்டிக்கு வெளிப்பக்கம்

சித்திரை பிறந்ததும் பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். அதன்மேல் தண்ணீர் அடிக்கிற வேலை அப்பாவுக்கு. துறையூர்ப் பக்கத்து வறண்ட காற்று அந்த ஈரத்தில் நுழைந்து, குளிர்ந்து, மணத்தோடு உள்ளே போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மின்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். அந்தக் குளிர்ச்சி முழுக்க உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கு. அப்பா நின்றது வெயிலில்.

பண்ணைக் கிணற்றில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. வேறு யாராவது இறைத்து மாட்டுத்தொட்டியை நிரப்புவார்கள். அப்பா அதில் மொண்டு அடிப்பார். பண்ணைக் கிணறு அவர்கள் சொத்து, சரி. ஊர்ப் பொதுக்கிணற்றிலும் அதே கட்டுப்பாடுதான். தீண்டாமை பார்த்துப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த காலத்திலும் எங்கள் பெண்கள் குடத்தோடு கிணற்றடியில் தள்ளி நின்று, யாராவது ஊற்றமாட்டார்களா என்று காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

எங்கள் வீடு பனையோலைக் கூரை. மழைக்கு ஒழுகும், தீக்குப் பயம், ஆனால் கோடையில் பகலிலும் உள்ளே உட்கார முடியும். குடிசைகளை மாற்ற 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கூரை கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். தம்பி மகனுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. ஒழுகாத வீடு எங்கள் தெருவுக்குப் பெரிய விஷயம்; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் இரவில் கீழே இறக்குகிறது. கூரையில் வெள்ளைப் பூச்சு அடிப்பதையும் திட்டத்திலேயே சேர்த்திருக்கலாம்.

அந்தச் சூடு தாங்காமல் தம்பி மகன் ஏர் கூலர் வாங்கினான். ஏசி இழுக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அடைத்த அறையில் ஈரம் தங்கிவிட்டால் தண்ணீர் ஆவியாகாது, புழுக்கம்தான் மிஞ்சும். கூலர் செய்வதும் அதே தட்டியின் வேலைதான். அது கேட்பது தண்ணீர். நல்ல வெயிலில் இரவுக்குள் இரண்டு மூன்று குடம் காலியாகிவிடும். குழாய்த் தண்ணீரோ ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். கடுங்கோடையில் அந்த அளவும் வந்து சேர்வதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது. கோடைத் தண்ணீரின் அளவையும் அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும்.

மே 1 கிராம சபையில் தம்பி மருமகள் எழுந்து, கோடை முடியும்வரை எங்கள் தெருவுக்கு மாலையிலும் ஒரு மணி நேரம் குழாய் திறக்க வேண்டும் என்று கேட்டாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் உட்கார்ந்தாள்.