பாக்கியவான்கள் படிக்கும் படிப்பு

கணினி, மருத்துவம், மேலாண்மை என்று பிள்ளைகளை அனுப்பிக் கெடுத்தது போதும். சம்பளம், வீட்டுக்கடன், கார் என்று அவர்கள் சீரழிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த மாயவலையில் விழாமல் ஒரு புத்திசாலிப் பிள்ளையை முப்பத்தைந்து வயதுவரை காப்பாற்றித் தரும் படிப்பு ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது: ஐரோப்பிய இடைக்காலவியலில் முனைவர் பட்டம். ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை ஆயிரம் ஆண்டுகளை அலசும் துறை. அதற்கு மாணவரிடம் ஏழெட்டு ஆண்டு மட்டும் கேட்கிறார்கள் என்றால், என்ன சிக்கனம்!

முதலில் மொழிகள். டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் 1964-இல் தொடங்கிய இடைக்காலவியல் மையம் இதில் தாராளம். லத்தீனுக்கு ஒரு தேர்வு வைத்தால் மாணவர் மனம் ஏங்கிப்போகும் என்று இரண்டு நிலைகளில் தேர்வு வைத்திருக்கிறார்கள். லத்தீன், மூலநூல்களைப் படிக்க. அந்த நூல்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் குவித்ததைப் படிக்க பிரெஞ்சும் ஜெர்மனும். இவை இரண்டையும் கண்ணால் வாசிக்கத் தெரிந்தால் போதும். வாய்திறந்து பேசிப் பழகி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அடுத்தது கையெழுத்து. தோலில் எழுதிய அந்தக் காலத்து எழுத்தர்கள் இடத்தை மிச்சம்பிடிக்கச் சொற்களைச் சுருக்கினார்கள். அந்தச் சுருக்கங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, இத்தாலியரான கப்பெல்லி 1899-இல் ஓர் அகராதியே போட்டார். லத்தீன் எழுத்துகளில் ஐ, எம், என், யு ஆகிய நான்கும் ஒரே மாதிரியான குட்டைக் கோடுகள்தாம். ஐ-க்குத் தலையில் புள்ளியும் இருக்காது. பத்துக் கோடுகள் வரிசையாக நின்றால் எங்கே பிரித்து வாசிப்பது என்பது படிப்பவரின் பூர்வ புண்ணியம். புள்ளியில்லாத ஓலைகளோடு மல்லுக்கட்டிய நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். அவர்கள் பட்டம் வாங்க ஏழாண்டு காத்திருக்கவில்லை என்பதுதான் குறை.

பதற்றம் என்பதே இல்லாத துறை இது. மியூனிக் நகரில் 1894-இல் தொடங்கிய பெரிய லத்தீன் அகராதி இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் நம் மாணவருக்கு அரைகுறைதான், ஏனென்றால் அது கி.பி. 600 வாக்கில் நின்றுவிடும். பிரிட்டனின் இடைக்கால லத்தீனுக்கு 1913-இல் திட்டமிட்ட அகராதி 2013-இல் நிறைவுற்றது. டொரொண்டோவின் பழைய ஆங்கில அகராதி 1970-இல் புறப்பட்டு 2018-இல் 'ஐ' என்ற எழுத்தை அடைந்தது. அகராதிக்காரர்களைக் கேலிசெய்ய எனக்கு நா எழாது, அவர்கள் செய்வது உண்மையான தவம். ஆனால் அந்தப் பொறுமையை, மாணவரின் வாடகைச் சீட்டை எண்ணும் வீட்டுக்காரரிடமும் எதிர்பார்க்கும் பல்கலைக்கழகங்களின் வெள்ளை மனம் இருக்கிறதே, அதுதான் போற்றத்தக்கது.

பாடத்தை வாழ்ந்து காட்டச் செய்வதிலும் இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நிகரில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் 14-ஆம் நூற்றாண்டில் படைத்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவனுக்கு நைந்த அங்கி, மெலிந்த குதிரை, இன்னும் கைக்கு வராத தேவாலயப் பதவி. அறுநூறு ஆண்டு கழித்தும் அவனை அதே நிலையில் பராமரித்து வருகிறார்கள். குதிரையை மட்டும் எடுத்துவிட்டு பஸ் பாஸ் கொடுத்திருக்கிறார்கள்.

இடைக்காலக் கைவினைச் சங்கங்களைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது எந்தப் பேராசிரியருக்கும் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அன்று தொழில் பழகவந்த பையன் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் கிடந்தான். பிறகு நாட்கூலிக்குப் போனான். தன் திறமைக்குச் சான்றாக ஒரு படைப்பைச் செய்து காட்டினால் ஆசான் ஆகலாம் என்பது ஏற்பாடு. இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஆசான்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். கட்டணம், சங்கத்துக்கு விருந்து, சொந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று வழிகளை அடைக்க, பலர் ஆயுள் முழுக்கக் கூலிக்காரர்களாகவே இருந்து மறைந்தார்கள். பல்கலைக்கழகமும் இடைக்காலத்தில் அப்படி ஒரு சங்கமாகப் பிறந்ததுதான். இன்று ஆய்வேட்டைச் செய்து காட்டியவர், ஒரு பாடத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்ற கூலியில் மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டுகிறார். பாரம்பரியத்தை இவ்வளவு அச்சு அசலாகக் காத்த நிறுவனம் உலகில் வேறு உண்டா?

ஒரே ஒரு இடத்தில்தான் பழைய சங்கங்கள் தோற்றுவிட்டன. ஓர் ஆசான் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்று பல சங்கங்கள் கணக்கு வைத்திருந்தன. வேலை இல்லாத ஊரில் ஆள் பெருகினால் எல்லோரும் பட்டினி என்பது அவர்களது அற்பமான கவலை. நவீன பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த ஆள் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது பொறாமைக்காரர் பேச்சு. அந்தத் தாள்கள் திருத்தப்படுவது என்னவோ உண்மை.

ஆண்டுதோறும் மே மாதம் மிச்சிகனின் கலாமசூவில் ஒரு மாநாடு நடக்கும். இடைக்காலவியலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, கல்லூரி விடுதி அறைகளில் தங்கி, சனிக்கிழமை இரவு நடனமும் ஆடுவார்கள். நிரந்தர வேலையில் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மேடையில் ஆடும் சமத்துவம் அங்கேதான் கிடைக்கும்.

சம்பளத்திலிருந்து பிள்ளைகளைக் காக்கும் தருமத்தில் 2024-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போனது. அங்கே பட்ட மேற்படிப்பு மாணவர்கள் ஏறக்குறைய ஏழு மாதம் வேலைநிறுத்தம் செய்து, முனைவர் மாணவரின் உதவித்தொகையை ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலராக உயர்த்திக்கொண்டார்கள். அக்டோபரில் ஒப்பந்தம். நவம்பரில், வரலாறும் ஆங்கிலமும் செவ்வியலும் உட்பட ஒரு டஜன் முனைவர் படிப்புகளுக்கு அடுத்த ஆண்டு சேர்க்கை இல்லை என்ற செய்தி வந்தது. வயிறாரச் சம்பளம் கொடுத்து இளைஞர்களைக் கெடுப்பதைவிட உள்ளேயே விடாமல் இருப்பது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். எத்தனை பேருக்கு வரும் இந்தத் தாயுள்ளம்!

வேறு பல இடங்களில் கதவு திறந்தே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் லத்தீன்மீது காதல் கொண்ட பிள்ளை இருந்தால் தயங்க வேண்டாம். விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ கடைசி நாள். இடம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.